மக்காச்சோளத்துக்கு இட்ட மீன்

பழவேற்காடு
12-6-1974

தம்பி ராஜவேலுவுக்கு,

அக்கா செல்லியம்மாள் எழுதுகிறேன். நானும் உன் மாமா மாரியப்பனும் சுகம், அவருக்கு முழங்கால் வீக்கம்தான் இன்னும் இறங்கவில்லை. நீயும் பச்சையம்மாவும், உன் மாமனார் மாமியாரும் சுகந்தானா? பச்சையம்மாவுக்கு அந்த வறட்டு இருமல் விட்டதா என்று எழுது.

எரு மூட்டைகள் வந்து சேர்ந்திருக்கும். அவை பொன்னேரி வரைக்கும் போன கதையைக் கேள். பஸ்ஸில் ஏற்றப் போனால் கண்டக்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டு குறுக்கே நிற்கிறான். "இன்னாமே, பொணத்தை மூட்டை கட்டிக்கினு வந்துட்டியா?" என்றான். "பொணத்துக்கு டிக்கெட்டு உண்டா இல்லியா, அத்தச் சொல்லு மொதல்ல" என்றேன். பஸ்ஸே சிரித்தது. அப்புறம் அவனே மேலே தூக்கிப் போட்டான். பொன்னேரியில் பருத்திக்கொட்டை ஏற்றிக்கொண்டு உங்கள் பக்கம் போகிற லாரியில் கொடுத்தனுப்பினேன்.

எல்லாம் காரப்பொடி மீன்தான். உப்புப் போடாமல் மணலில் காயவைத்தது. உப்புப் பட்டால் உன் மக்காச்சோளம் கருகிப்போகும் என்று போன வருஷம் நீ சொன்னதை நான் மறக்கவில்லை. கூடவே இறால் தலையும் இடித்துக் கலந்திருக்கிறேன். குழியில் போட்டதும் மேலே மண்ணை நன்றாகத் தள்ளு. இல்லாவிட்டால் உங்கள் ஊர் நாயெல்லாம் உன் நிலத்தில்தான் குடித்தனம் பண்ணும்.

நீ வலையை விட்டுக் கலப்பை பிடிப்பாய் என்று யார் நினைத்தார்கள். நன்றாகப் பிடி.

உன் நல்லது கேட்க ஆசைப்படும்
செல்லியம்மாள்


ஊத்துக்கோட்டை
4-7-1974

அன்புள்ள அக்காவுக்கு,

ராஜவேலு வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். பச்சையம்மாவுக்கு இருமல் நின்றுவிட்டது. மாமாவின் முழங்கால் வீக்கம் எப்படி இருக்கிறது?

மூட்டைகள் வந்தன. விடியற்காலையில் குழி எடுத்துப் போட்டு, மேலே மாட்டு எருவைப் பரப்பிவிட்டேன். மாமியார் மட்டும் வந்து, "இன்னா நாத்தம் இது?" என்று கேட்டார்கள். புண்ணாக்கு ஊறிப் புளித்துவிட்டது என்று சொன்னேன். பச்சையம்மாவுக்குத் தெரியும். அவள் வாயைத் திறக்கமாட்டாள்.

இங்கே நிலைமை மோசம். யூரியா வேண்டுமென்று சொசைட்டி வாசலில் ஆட்கள் துண்டு போட்டு இடம் பிடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். மூட்டை வருவதில்லை, வந்தால் பின்வாசலில் போய்விடுகிறது. பக்கத்து நிலத்து அரசப்பன் அலைந்து அலைந்து செருப்புத் தேய்ந்துபோனான். என் பயிருக்கு அந்தக் கவலை இல்லை, இப்போதே இலை கருகருவென்று வருகிறது. விவசாய ஆபீசரே பார்க்க வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இன்னொரு சேதி. கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகள் வர ஆரம்பித்திருக்கின்றன அல்லவா? அதில் ஒரு கோழித் தீவனக் கம்பெனியின் ஆள் வந்திருந்தார். பூச்சி மருந்து தெளித்த சோளத்தைத் தின்று குஞ்சுகள் கொத்துக் கொத்தாகச் செத்துவிட்டனவாம். மருந்தும் வேண்டாம், மூட்டை உரமும் வேண்டாம், எரு போட்டு வளர்த்த மக்காச்சோளம் இருந்தால் கூடுதலாகவே கொடுத்து எடுத்துக்கொள்கிறோம் என்றார். வரும் காலத்தில் இப்படிப்பட்ட சோளத்துக்குத்தான் கிராக்கி என்று அடித்துச் சொல்கிறார்.

அக்கா, அடுத்த முறை சாக்கை இரண்டு மடங்காகத் தைத்து அனுப்பு. சாக்கின் மேல் பழவேற்காடு என்று எழுதவேண்டாம், என் பெயர் மட்டும் போதும். லாரிக்காரர்கள் குழம்பிப்போகிறார்கள், அதற்காகத்தான்.

தம்பி
ராஜவேலு


பழவேற்காடு
22-7-1974

தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மாமாவின் முழங்கால் நீ கேட்டதிலேயே பாதி இறங்கிவிட்டது. மீதியை நொச்சி இலை பார்த்துக்கொள்ளும். பச்சையம்மாவை வெந்நீர் குடிக்கச் சொல்.

லாரிக்காரர்கள் குழம்புகிறார்கள் என்று எழுதியிருந்தாய். சரி, இனிமேல் ஊர் பெயர் எழுதவில்லை. உன் மாமியார் வீடும் நம் ஜனம்தான், இரண்டு தலைமுறைக்கு முன்னால் வலையைச் சுருட்டி வைத்துவிட்டு நிலம் வாங்கினவர்கள். அவர்கள் ஊரில் தங்கள் மாப்பிள்ளைக்குப் பொன்னேரிப் பக்கம் நெல் வயல் இருக்கிறது என்று சொல்லி வைத்திருப்பதும் எனக்குத் தெரியும். அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை.

நான் கேட்பது வேறு. இந்த வருஷம் ஏரி முகத்துவாரம் மண்ணடித்துக் கிடக்கிறது. இறால் உள்ளே வரவில்லை. வலையைத் தூக்கினால் காரப்பொடி, காரப்பொடி, காரப்பொடி. சந்தைக்குக் கொண்டுபோனால் பூனைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுப் பூவம்மாளும் சாராளும் ஒரு வேளைக் கஞ்சியோடு நிறுத்திக்கொண்டு நாளாகிறது. மற்ற வீடுகளும் அப்படித்தான்.

யூரியாவுக்கு அங்கே அடிதடி, இங்கே எரு குப்பையாகக் கிடக்கிறது. உன் நிலத்தைப் பார்க்க விவசாய ஆபீசர் வருவார் என்று சொன்னாயே. அவரிடம் நீ ஒரு வார்த்தை சொல்: என் சோளம் பழவேற்காட்டு மீனில் வந்தது, குப்பத்துப் பெண்களிடம் இருக்கிறது என்று. கவர்ன்மெண்டே சொன்னால் பத்து ஊர்க்காரன் வந்து வாங்குவான். நாங்கள் போய்ச் சொன்னால் மீன்காரி சொல்கிறாள் என்பான். நல்ல வெள்ளாமை எடுத்தவன் சொன்னால்தான் ஏறும்.

உன்னிடம் நான் எதையும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன்.

செல்லியம்மாள்


ஊத்துக்கோட்டை
14-9-1974

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவேண்டும். தண்ணீர் கட்டும் வேலை ஓயவில்லை. இங்கே சுகம். உங்கள் இருவர் சுகத்தையும் எழுது.

மக்காச்சோளம் என் தலைக்கு மேலே போய்விட்டது. ஒவ்வொரு தட்டையிலும் கதிர் கைக்கு அடங்காமல் நிற்கிறது. ஆபீசர் ஜீப்பில் வந்து இறங்கி, ஒரு கதிரைக் கையால் அளந்து பார்த்தார். யூரியா இல்லாமல் இப்படி ஒரு பயிரை இந்த ஜில்லாவிலேயே பார்த்ததில்லை என்றார். அடுத்த மாதம் என் நிலத்தில் வயல் விழா வைக்கப்போகிறார்கள். திருவள்ளூரிலிருந்து பெரிய அதிகாரிகளும் அந்தக் கம்பெனிக்காரரும் வருகிறார்கள். சுற்று வட்டாரத்து விவசாயிகள் எல்லோரும் கூடுவார்கள். நான் எப்படிப் பயிர் வைத்தேன் என்று மைக்கில் பேசவேண்டுமாம்.

நீ கேட்டதை அன்றைக்குக் கட்டாயம் சொல்லிவிடுகிறேன். ஆபீசரிடம் தனியாகச் சொல்வதைவிட எல்லோர் முன்னாலும் சொன்னால்தானே பிரயோஜனம். அதற்காகத்தான் இதுவரை வாயைத் திறக்காமல் இருக்கிறேன்.

அன்று கூட்டம் நெரியும். வெயிலும் கடுமையாக இருக்கிறது. நீ அவ்வளவு தூரம் சிரமப்பட வேண்டாம். எல்லாம் முடிந்ததும் நானே விவரமாக எழுதுகிறேன்.

தம்பி
ராஜவேலு


பழவேற்காடு
20-9-1974

தம்பிக்கு,

நாங்கள் நன்றாக இருக்கிறோம். உன் மாமா நடமாட ஆரம்பித்து, என்னை அதிகாரம் பண்ணவும் ஆரம்பித்துவிட்டார்.

உன் கடிதத்தைப் பெண்களுக்குப் படித்துக் காட்டினேன், கடைசிப் பகுதியைத் தவிர. மைக்கில் சொல்லப்போகிறான் என்றதும் சாராளுக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளே போய் மணலில் ஒரு இடம் பெருக்கி, காரப்பொடி காயவைக்கப் பாய் விரித்துவிட்டாள். பூவம்மாள் மட்டும், "நெசமா சொல்லுவானா உந்தம்பி?" என்று கேட்டாள். "அவன் நான் தூக்கி வளத்த புள்ளமே" என்றேன்.

எனக்கு வெயில் ஆகாது என்று நீ கண்டுபிடித்தது இப்போதுதான். இருக்கட்டும். நான் வரவில்லை, நீ தைரியமாகப் பேசு.

செல்லியம்மாள்


ஊத்துக்கோட்டை
15-10-1974

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ நலமாக இருக்கிறாயா? உடம்புக்கு ஒன்றும் இல்லையே? தலைவலி, கால்வலி ஏதாவது இருந்தால் மறைக்காமல் எழுது.

வயல் விழா நல்லபடியாக நடந்தது. பந்தல் போட்டிருந்தார்கள். பெரிய அதிகாரி எனக்குத் துண்டு போர்த்தினார். மாமனாருக்குப் பெருமை தாங்கவில்லை, வந்தவர்களுக்கெல்லாம் அவரே கலர் சோடா உடைத்துக் கொடுத்தார். கம்பெனிக்காரர் கதிரை உரித்துப் பார்த்து, கடித்துப் பார்த்து, இந்த வெள்ளாமை முழுவதும் எங்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டார். அடுத்த போகத்துக்கு இந்த ஊரில் எல்லோரும் மக்காச்சோளம் வைத்தாலும் எடுத்துக்கொள்வார்களாம். நான் செய்த முறையை அச்சுப் போட்டுக் கிராமம் கிராமமாகக் கொடுக்கப்போகிறார்கள்.

நீ சொன்ன விஷயத்துக்குச் சரியான சந்தர்ப்பம் அமையவில்லை. மைக் வேறு கரகரவென்று இருந்தது. ஒருவர் மாற்றி ஒருவர் பேசிக்கொண்டே இருந்தார்கள். பிறகு ஆபீசரைப் பார்க்கும்போது சொல்கிறேன்.

இளங்கதிர் ஒரு மூட்டை பொன்னேரி லாரியில் அனுப்பியிருக்கிறேன். எல்லா வீட்டுக்கும் கொடு.

அன்று வெயில் ரொம்பத்தான் இருந்தது.

தம்பி
ராஜவேலு


ஊத்துக்கோட்டை
23-11-1974

அன்புள்ள அக்காவுக்கு,

என் கடிதத்துக்குப் பதில் இல்லை. கதிர் மூட்டை வந்ததா இல்லையா என்றும் தெரியவில்லை. அங்கே புயல் மழை என்று ரேடியோவில் சொன்னார்கள். வீடு ஒழுகவில்லையே? மாமா எப்படி இருக்கிறார்?

அடுத்த போகத்துக்கு இங்கே பலரும் மக்காச்சோளம் ஊன்றியிருக்கிறார்கள். அரசப்பன் நெல்லை விட்டுவிட்டு நிலம் முழுவதும் வைத்துவிட்டான். அச்சடித்த தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறான்.

நானும் ஊன்றிவிட்டேன். எருக்குழிதான் காலியாக இருக்கிறது. காரப்பொடி கையில் இருந்தால் கொஞ்சம் அனுப்பமுடியுமா? லாரிக்கு நான் சொல்லி வைக்கிறேன்.

இரண்டு வரியாவது எழுது அக்கா.

ராஜவேலு


பழவேற்காடு
9-12-1974

ராஜவேலுவுக்கு,

வீடு ஒழுகவில்லை. மாமா இருக்கிறார். கதிர் வந்தது, பெண்கள் சுட்டுத் தின்றார்கள்.

வயல் விழாவுக்கு நான் வந்தேன். நீ பார்த்தாய். நான் உன்னைப் பார்த்ததையும் பார்த்தாய். கடிதத்தில் என் தலைவலியைக் கேட்கிறாய்.

நானாக வரவில்லை. அன்று விடியற்காலையில் மாமா வலையில் நல்ல மடவை விழுந்திருந்தது. "அதிகாரிங்களுக்குக் கொயம்பு வச்சுக் குடுக்கட்டும், எடுத்துக்கினு போ" என்று பூவம்மாள்தான் கூடையைத் தலையில் ஏற்றி பஸ்ஸில் உட்காரவைத்தாள். நானும் மறுக்கவில்லை. நீ மைக்கில் பேசுவதை ஒரு ஓரமாக நின்று கேட்டுவிட்டு வந்துவிடலாம் என்று ஆசைப்பட்டேன். அந்த ஆசைக்கு இப்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

மைக் கரகரக்கவில்லை. பந்தலுக்கு வெளியே நின்ற எனக்கே தெளிவாகக் கேட்டது. "என்ன உரம் போட்டீங்க ராஜவேலு? எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க" என்றார் ஆபீசர். "மாட்டு எருங்க சார். அப்புறம் புங்கந்தழை. வேற ஒண்ணும் இல்லீங்க" என்றாய். அந்த 'வேற ஒண்ணும் இல்லீங்க' யாரும் கேட்காதது. நீயாகச் சொன்னது.

பிறகு எல்லோரும் வரப்பில் வந்தீர்கள். ஆபீசர் என்னைப் பார்த்துவிட்டு, "இந்த அம்மா யாரு, உங்க வீட்டு ஆளா?" என்று உன்னைக் கேட்டார். நீ குனிந்து மண்ணைப் பார்த்தாய். ஒரு கட்டியைக் காலால் தள்ளினாய். நீ எதையாவது சொல்லி, அது வாழ்நாள் முழுக்க என் காதில் நிற்கவேண்டாம் என்றுதான், "இல்லீங்க சார், மீனு விக்க வந்தேன்" என்று நானே சொன்னேன்.

உன் மாமியார் கெட்டிக்காரி. என்னை யாரென்று தெரிந்துகொண்டே, "இன்னாமே, மடவை எப்டி?" என்று அங்கேயே ஆரம்பித்துவிட்டார்கள். கண்ணு உள்ளே போயிருக்குது, பழைய மீனு என்று விலையைக் குறைத்தார்கள். நம் வீட்டு மீனைப் பழையது என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. நான் அவர்கள் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு, துட்டை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தேன். மீன் விற்க வந்தவள் வேறென்ன செய்வாள்? நீ கடைசிவரைக்கும் நின்றுகொண்டுதான் இருந்தாய்.

குப்பத்துக்கு வந்ததும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். நீ சொல்லிவிட்டாய் என்று சொன்னேன். நன்றாகச் சொன்னான், ஆபீசர் வருவார் என்று சொன்னேன். அன்றிலிருந்து பாலத்துப் பக்கம் ஜீப் சத்தம் கேட்டால் சாராள் தலையை முடிந்துகொண்டு ஓடுகிறாள். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறேன். நீ ஒரு பொய் சொன்னாய், நான் தினம் சொல்கிறேன்.

காரப்பொடி கேட்டிருக்கிறாய். பாயில் காய்ந்து கிடப்பது ஆபீசருக்காக வைத்தது. உனக்குக் கொடுக்கும்படி அவர்களிடம் எந்த முகத்தோடு கேட்பேன்?

செல்லியம்மாள்


ஊத்துக்கோட்டை
24-1-1975

அக்காவுக்கு,

பொங்கலுக்கு நான் எழுதவில்லை. எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். உன் கடிதம் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. அதைத் திரும்ப எடுத்துப் படிக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. ஒரு தடவை படித்ததே மனப்பாடமாகிவிட்டது.

நான் செய்ததற்குச் சமாதானம் கிடையாது. மாமனார் பக்கத்தில் நின்றிருந்தார், ஊரே நின்றிருந்தது. நீ கூடையோடு நின்றதைப் பார்த்ததும் என் கண்ணுக்கு நீ அக்காவாகத் தெரியவில்லை, கூடைதான் தெரிந்தது.

இங்கே அரசப்பனின் சோளம் மஞ்சள் பூத்துவிட்டது. முழங்கால் உயரத்தில் நின்றுபோய், தட்டை பென்சில் கனம்தான் இருக்கிறது. மாட்டு எருவும் புங்கந்தழையும் அச்சடித்த தாளில் உள்ளபடியே போட்டிருக்கிறான். நேற்று என் நிலத்துக்கு வந்தான். என்னுடையதும் அப்படித்தான் நிற்கிறது. இரண்டையும் பார்த்துவிட்டு, "இன்னா ராஜவேலு, சொல்லாம இன்னாத்தையாச்சும் உட்டுட்டியா?" என்று கேட்டான். சண்டைக்குக் கேட்கவில்லை அக்கா, நிஜமாகவே கேட்டான். மழை ஜாஸ்தி என்று சொல்லி அனுப்பினேன்.

இன்று திருவள்ளூருக்குப் போய் ஆபீசரைத் தனியாகப் பார்த்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பழவேற்காடு, காரப்பொடி, குப்பத்துப் பெண்கள் எல்லாம். அவர் சிரித்தார். "தாளெல்லாம் அச்சாயிடுச்சுப்பா. இப்ப போயி மீனுன்னா என் வேலை போயிடும். நீ பேசாம இரு" என்றார். நான் என்ன செய்யட்டும்?

நேரில் வந்து உன் காலில் விழவேண்டும் என்று இருக்கிறது. வரலாமா?

ராஜவேலு


பழவேற்காடு
18-2-1975

தம்பி ராஜவேலுவுக்கு,

நாங்கள் சுகம். பச்சையம்மாவைக் கேட்டதாகச் சொல்.

ஆபீசரிடம் தனியாகச் சொன்னதாக எழுதியிருக்கிறாய். அவருக்கென்ன, அவரா சோளம் வைத்திருக்கிறார்? அரசப்பன் உன் வரப்பிலேயே வந்து நின்று கேட்டானே, அவனிடம் மழை என்றாய். நல்லவனாக இருக்க நீ திருவள்ளூர் வரைக்கும் போகவேண்டியிருக்கிறது.

இங்கே ஒரு காரியம் நடந்தது. பொங்கல் கழிந்ததும் கும்மிடிப்பூண்டியிலிருந்து ஒரு லாரி வந்தது. கோழித் தீவனக் கம்பெனியாம். தீவனத்தில் சோளத்தோடு கலக்க மீன் தூள் வேண்டுமாம். யாரும் சொல்லி வரவில்லை, கடலோரக் குப்பம் ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டு அவர்களாகவே வந்தார்கள். பாயில் கிடந்த காரப்பொடி மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு போனார்கள். வாரம் ஒருமுறை வருகிறார்கள். சாராள் வீட்டில் இரண்டு வேளையும் அடுப்பு எரிகிறது. இனி உன் நிலத்துக்கு என்று அனுப்ப இங்கே ஒன்றும் மிஞ்சாது. நீ மைக்கில் சொன்னபடி மாட்டு எருவும் புங்கந்தழையும்தான்.

இதில் பேஜாரு என்னவென்றால், அந்த லாரி உன்னால்தான் வந்தது என்று குப்பமே நம்புகிறது. விழாவில் கம்பெனிக்காரர் இருந்தார், நீ எழுந்து சொன்னாய், அவர் லாரி அனுப்பினார் என்று அவர்களே கோர்த்துக்கொண்டார்கள். லாரி வந்து நிற்கும்போதெல்லாம் உன்னை வாழ்த்துகிறார்கள். "சந்தேகப்பட்டேனே, என் வாயில மண்ணு" என்று பூவம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவளிடம் நிஜத்தைச் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை.

நீ வரவேண்டாம். அவர்கள் வருகிறார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை ஏரியில் வலை போட எங்கள் குப்பத்து முறை. அதில் வரும் முதல் கூடை மீன் ராஜவேலு வீட்டுக்கு என்று ஊரில் பேசி முடித்துவிட்டார்கள். பூவம்மாளும் சாராளும் இன்னும் நான்கைந்து பேரும் பெட்டியில் இருக்கும் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு பத்து மணி பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். உங்கள் தெருவில், எங்க ராஜவேலு ஊடு எது என்று ஒவ்வொரு வாசலாகக் கேட்டுக்கொண்டு வருவார்கள்.

நான் தடுக்கவில்லை. தடுக்க என்ன காரணம் சொல்வேன்? கூட வரச்சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள், மாமாவுக்கு முழங்கால் வலி என்று சொல்லிவிட்டேன்.

உங்கள் ஊர்க்காரர்கள் யார் இவர்கள் என்று உன்னைக் கேட்பார்கள். இந்தத் தடவை உனக்காகப் பதில் சொல்ல நான் அங்கே இருக்கமாட்டேன்.

அக்கா
செல்லியம்மாள்